உள்ளே அறுந்த நூல்

சின்னசேலத்தில் எங்கள் தெருவில் சில வருஷத்துக்கு முன் ஒரு சாவு. ஆளுக்கு 41 வயது. நல்ல உயரம்; பந்தல் போடுகிறவர்கள் ஸ்டூல் தேடிக்கொண்டிருக்கும்போது இவர் நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டிக் கயிற்றைக் கட்டிவிடுவார். மக்காச்சோள மூட்டை ஏற்றி இறக்குவது தொழில். அன்று காலை எட்டு மணிக்கு ஒரு மூட்டையை இறக்கி வைத்தவர், "நடு முதுகுல யாரோ கிழிக்கிற மாதிரி இருக்குடா" என்று சொல்லிவிட்டு லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். வாயு பிடித்திருக்கும் என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள். கொஞ்சம் தேவலை என்றாராம். ஒன்பதரை மணிக்கு எழுந்து நின்றவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது.

"ஹார்ட் அட்டாக்" என்றது சாவு வீடு. "நேத்து ராத்திரிகூட நல்லாத்தான பேசிக்கிட்டு இருந்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார் அவருடைய மாமா. சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். அறுத்துப் பார்க்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. பிணத்தை அறுப்பது என்றாலே போலீஸ் கேஸ், அவமானம், உடம்பைப் பாழாக்குவது என்றுதான் நமக்குள் பதிந்திருக்கிறது. அதனால் அவருக்கு என்ன நடந்தது என்பது அவரோடு போய்விட்டது. 'மாரடைப்பு' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது.

அந்தச் சாவை எனக்குத் திரும்ப நினைவூட்டியது வெகுதூரத்தில் நடந்த இன்னொரு சாவு. 2022 டிசம்பர், கத்தார். உலகக் கோப்பைக் கால்பந்து காலிறுதியில் அர்ஜென்டினாவும் நெதர்லாந்தும் ஆடிக்கொண்டிருந்தன. செய்தியாளர் மாடத்தில் இருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் கிராண்ட் வால் திடீரென்று சரிந்தார். பிழைக்கவில்லை. வயது 49. சில நாட்களாக இருமல், நெஞ்சில் அழுத்தம் என்று அவரே எழுதியிருந்தார். அங்கிருந்த மருத்துவ முகாமில் மூச்சுக்குழாய் அழற்சியாக இருக்கலாம் என்று சொல்லி மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவர் இறந்த சில மணி நேரத்துக்குள் வதந்திகள் கிளம்பிவிட்டன. விஷம் வைத்துவிட்டார்கள் என்றது ஒரு கூட்டம், கோவிட் தடுப்பூசிதான் காரணம் என்றது இன்னொரு கூட்டம்.

அவருடைய மனைவி செலின் கவுண்டர் ஒரு தொற்றுநோய் மருத்துவர். பெயரைப் பார்த்ததும் நம் ஊர்க்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அவருடைய தந்தை தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து அமெரிக்கா போனவர். கணவரின் உடல் நியூயார்க் வந்து சேர்ந்ததும் பிரேதப் பரிசோதனை நடந்தது. டிசம்பர் 14ஆம் தேதி அவரே முடிவை உலகத்துக்குச் சொன்னார்: இதயத்திலிருந்து மேலே கிளம்பும் பெருந்தமனியில் யாருக்கும் தெரியாமல் மெல்ல வளர்ந்துவந்த ஒரு வீக்கம் வெடித்துவிட்டது, விழுந்த பிறகு நெஞ்சை எவ்வளவு அமுக்கியிருந்தாலும், எத்தனை முறை மின்னதிர்ச்சி கொடுத்திருந்தாலும் பலன் இருந்திருக்காது, தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. துக்கம் ஆறாத ஒரு வாரத்துக்குள் ஒரு பெண் இதைச் செய்தார். அந்த அறிக்கையைப் படித்த இரவு, லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்த எங்கள் தெருக்காரர் என்னை விடவில்லை.

பெருந்தமனி என்பது உடம்பின் தலைவாய்க்கால். டாக்டர்கள் அயோர்ட்டா என்பார்கள். இதயத்தின் இடது கீழறையிலிருந்து மேலே கிளம்பி, கைத்தடியின் பிடிபோல வளைந்து, முதுகெலும்பை ஒட்டியே கீழிறங்கி, தொப்புளுக்கு நேராக இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. இதயத்தை ஒட்டிய இடத்தில் சுமார் 3 சென்டிமீட்டர் அகலம், வயிற்றுக்கு வரும்போது 2. நிமிஷத்துக்கு 5 லிட்டர் ரத்தம் இதன் வழியாகத்தான் போகவேண்டும். இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இந்தக் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுத்து மறுபடி சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் வீண் அசைவு அல்ல. இதயம் அடுத்த துடிப்புக்காக ஓய்ந்திருக்கும் நேரத்தில் ரத்தத்தை முன்னே தள்ளுவது விரிந்த பெருந்தமனி சுருங்கும் விசைதான். 41 வயதில் அந்த மனிதரின் குழாய் சுமார் 150 கோடி முறை விரிந்து சுருங்கியிருக்கும்.

அதன் சுவரில் மூன்று அடுக்குகள். ரத்தம் படும் உள்ளடுக்கு மெல்லிய சவ்வு. வெளியடுக்கு முரட்டு நார். உயிர் இருப்பது நடுவடுக்கில்தான். எலாஸ்டின் என்ற இழுபடும் புரதம் தகடு தகடாக, நெஞ்சுப் பகுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அடுக்குகளாக, அங்கே சுற்றப்பட்டிருக்கிறது. இந்த எலாஸ்டினை உடம்பு கருவிலும் சிறு வயதிலும்தான் நெய்கிறது. வளர்ந்த பிறகு புதிதாக நெய்வது இல்லை என்றே சொல்லலாம். பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் வயதுக்குள் பெரும்பாலும் நெய்து முடித்த அந்த ரப்பரை வைத்துக்கொண்டுதான் நாம் பேரன் பேத்தி எடுக்கும்வரை ஓட்டுகிறோம்.

உளுந்தூர்ப்பேட்டை - சேலம் நெடுஞ்சாலை எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. அதை ஒட்டிய பஞ்சர் கடை ஒன்றில் ஒரு நாள் வண்டிக்காகக் காத்திருந்தபோது, கழற்றிப் போட்ட லாரி டயர் ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கொப்புளம். மேல் ரப்பரில் ஒரு கீறல்கூட இல்லை. "உள்ள நூல் அறுந்துபோச்சுண்ணே. மேல தெரியாது. இது இன்னும் ரெண்டு மாசமும் ஓடும், ரெண்டு கிலோமீட்டர்லயும் வெடிக்கும்" என்றார். கத்தியால் கீறி விரலால் பிளந்து காட்டினார். உள்ளே நூல் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பஞ்சு பஞ்சாக நின்றன. பெருந்தமனி வீக்கத்தை நுண்ணோக்கியில் பார்க்கிற நோய்க்குறியியல் நிபுணர்கள் காண்பதும் ஏறக்குறைய இதைத்தான்: துண்டு துண்டாக அறுந்த எலாஸ்டின் தகடுகள், இடையிடையே வெற்றிடம்.

கொப்புளம் ஒருமுறை கிளம்பிவிட்டால் அது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். குழந்தைகள் பலூன் ஊதும்போது பாருங்கள். முதல் மூச்சுக்குத்தான் கன்னம் வலிக்கும். பாதி ஊதிய பிறகு சுலபமாகப் பெருத்துக்கொண்டே போகும், ஏனென்றால் உள்ளே அழுத்தம் மாறாவிட்டாலும் ஆரம் கூடக்கூடச் சுவரின் மீதான இழுவை கூடுகிறது, சுவரும் மெலிகிறது. லப்லாஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞரின் பெயரால் இந்த விதி வழங்குகிறது. 3 சென்டிமீட்டர் குழாய் 6 சென்டிமீட்டர் ஆனால் அதே பிபிக்குச் சுவர் இரண்டு மடங்குக்கும் மேல் இழுபடும். நெஞ்சுப் பெருந்தமனி 5.5 சென்டிமீட்டரைத் தொடும்போது வெடிக்கும்வரை காத்திருக்காதே, அறுவை செய்துவிடு என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்வது இந்தக் கணக்கில்தான். பரம்பரையாகச் சுவர் பலவீனமாக உள்ளவர்களுக்கு அதற்கும் முன்பே.

வெடிப்புக்கு இன்னொரு வழியும் உண்டு. எனக்கு அதிகம் பயம் தருவது அதுதான். உள்ளடுக்கில் ஒரு சின்னக் கிழிசல் விழுகிறது. ரத்தம் அதன் வழியே நடுவடுக்குக்குள் நுழைகிறது. வாழைமரத்துப் பட்டையில் நகத்தைக் கொடுத்து இழுத்தால் நீளத்துக்கும் பிரிந்துகொண்டே போகுமே, அதுபோல ஒவ்வொரு துடிப்பும் அடுக்குகளை உரித்துக்கொண்டே போகும். நெஞ்சில் தொடங்கி முதுகு, வயிறு என்று வலி இறங்குவது இந்த உரிப்பு இறங்குவதுதான். போகிற வழியில் மூளைக்குப் போகும் கிளை அடைபட்டால் பக்கவாதம், காலுக்குப் போகும் கிளை அடைபட்டால் கால் சில்லிட்டு மரத்துப்போகும். உரிப்பு இதயத்தை ஒட்டிய பகுதியில் இருந்தால், ரத்தம் வெளியடுக்கையும் கிழித்துக்கொண்டு இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் கொட்டிவிடும். அதற்கு நிறைய ரத்தம்கூட வேண்டாம். சடாரென்று ஒரு டம்ளர் ரத்தம் அங்கே தேங்கினால் போதும், இதயம் விரிய இடமில்லாமல் நின்றுவிடும். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ் 1760 அக்டோபர் 25ஆம் தேதி காலை கழிப்பறைக்குள் போனவர் அங்கேயே இறந்துகிடந்தார். உடலைத் திறந்து பார்த்த அரண்மனை மருத்துவர் ஃபிராங்க் நிக்கல்ஸ், இதய உறை நிறைய உறைந்த ரத்தத்தையும் பெருந்தமனியின் உட்சுவரில் ஒன்றரை அங்குலக் கிழிசலையும் கண்டு எழுதிவைத்தார். இந்த நோயைப் பற்றிய முதல் தெளிவான குறிப்பாக மருத்துவ உலகம் இன்றும் எடுத்துக்காட்டுவது அதைத்தான்.

இதயத்தை ஒட்டிய இந்த உரிப்புக்கு அறுவை செய்யாமல் விட்டால் முதல் இரண்டு நாளில் மணிக்கு நூற்றுக்கு ஒருவர் முதல் இருவர் வீதம் இறக்கிறார்கள் என்பது மருத்துவப் புத்தகங்களில் நெடுங்காலமாக உள்ள கணக்கு. கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து ஒரு நோயாளியை மலையிறக்கிக் கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து சேலத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ அனுப்புவதை இந்தக் கணக்கோடு சேர்த்து நினைத்துப் பார்க்கிறேன். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி சிறுவங்கூரில் இருப்பது நிச்சயம் ஒரு மாற்றம். ஆனால் மணிக்கணக்குத் தொடங்குவது வலி வந்த நிமிஷத்திலிருந்து. சோடா குடித்துவிட்டு உட்கார்ந்திருந்த அந்த ஒன்றரை மணி நேரமும் அதில் சேர்த்தி.

நூல் ஏன் அறுகிறது? பெரிய பதில் சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமானது: பிபி. உலகின் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து 1996 முதல் நடத்திவரும் பதிவேட்டில், பெருந்தமனி உரிந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2020இல் நடந்த கணக்கெடுப்பின்படி 18 முதல் 69 வயதுக்குள் மூன்றில் ஒருவருக்குப் பிபி. அது கட்டுக்குள் இருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. 'மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சா விட முடியாது' என்று பயந்து விட்டுவிடுகிறவர்களை நான் வாரம் ஒருவராவது பார்க்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து அளந்து மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த மாத்திரை பெருந்தமனிக்கும் சேர்த்துத்தான் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

அடுத்தது பீடி, சிகரெட். வயிற்றுப் பகுதிப் பெருந்தமனி வீங்குவதற்குப் புகையைவிடப் பெரிய காரணம் வேறில்லை. ஐன்ஸ்டைனுக்கு வந்தது இந்த வயிற்று வீக்கம்தான். அவர் கையில் எப்போதும் பைப் இருந்தது. 1948இல் ருடால்ஃப் நிசன் என்ற அறுவை மருத்துவர் அந்த வீக்கத்தைச் செலோஃபேன் தாளால் சுற்றி வைத்தார். தாள் உறுத்தி உறுத்திச் சுற்றிலும் தழும்பு உண்டாகும், அந்தத் தழும்பே சுவருக்குக் கட்டாக நிற்கும் என்பது யோசனை. அது ஆறு வருஷத்துக்கு மேல் தாங்கியது. 1955 ஏப்ரலில் வெடித்தபோது, இரண்டாவது அறுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு 18ஆம் தேதி இறந்தார்.

இளம் பெண்களிடம் காரணம் வேறாக இருக்கும். 1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் தகயாசு ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் விசித்திரமான ரத்தக் குழாய் வளையங்களைக் கண்டு அறிவித்தார். அவர் பெயரால் வழங்கும் நோயில் பெருந்தமனியும் அதன் கிளைகளும் அழன்று தடித்துச் சுருங்கும். சிலருக்கு வீங்கவும் செய்யும். மணிக்கட்டில் நாடியே கிடைக்காது. இது ஆசியப் பெண்களிடம் அதிகம், இந்தியாவிலும் குறைவில்லை. இருபது வயதுப் பெண்ணுக்குப் பிபி ஏறியிருந்தால் இரண்டு கையிலும் நாடி பார்க்க வேண்டும் என்பது அதனால்தான். பழைய நாட்களில் சிபிலிஸ் என்ற மேகநோயும் இந்தச் சுவரை அரித்துத் தின்றது; பென்சிலின் வந்த பிறகு அது அரிதாகிவிட்டது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகள், ஏற்கெனவே பெருந்தமனி பலவீனமாக உள்ளவர்களுக்கு ஆபத்தைக் கூட்டலாம் என்று 2018 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கும் பழக்கம் உள்ள நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நெடுஞ்சாலையின் கணக்கு தனி. வேகமாகப் போகும் வண்டி எதன் மீதாவது மோதி நிற்கும்போது உடம்பு நின்றுவிடுகிறது. நெஞ்சுக்குள் இதயமும் பெருந்தமனியின் வளைவும் முன்னே பாய்கின்றன. வளைவைத் தாண்டி ஓரிடத்தில் பெருந்தமனி ஒரு நாரால் கட்டப்பட்டிருக்கிறது. அங்கேதான் அது அறும். அமெரிக்காவில் 1958இல் வெளியான ஓர் ஆய்வில் இப்படி அறுந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்கு வரும் முன்பே இறந்திருந்தார்கள். மேலே ரத்தம் இல்லை, எலும்பு முறியவில்லை, ஆனால் ஆள் இல்லை என்று விபத்து நடந்த இடத்தில் ஜனங்கள் திகைத்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இனி எங்கள் தெருக்காரரின் உயரத்துக்கு வருகிறேன். 1896இல் அந்துவான் மர்ஃபான் என்ற பிரெஞ்சுக் குழந்தை மருத்துவர் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதினார். கைகால் விரல்கள் எல்லாம் மெலிந்து நீண்டிருந்தன. ஃபைப்ரிலின் என்ற புரதத்தை எழுதும் மரபணுவில் உள்ள பிழைதான் அவர் பெயரால் வழங்கும் குறைபாட்டுக்குக் காரணம் என்று 1991இல் தெரிந்தது. எலாஸ்டினைத் தாங்கி நிற்கும் சாரம் ஃபைப்ரிலின். சாரம் சரியில்லாவிட்டால் சுவர் நிற்காது. சுமார் ஐயாயிரம் பேரில் ஒருவருக்கு இது உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1986 ஜனவரியில் ஜப்பானில் ஆட்டத்தின் நடுவே இறந்தது இதனால்தான்; 31 வயது. அவருடைய சாவுக்குக் காரணம் தெரிந்ததால் அவர் சகோதரருக்கும் பரிசோதனை நடந்தது, நோய் பிடிபட்டது, அறுவை நடந்தது.

வலி வந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் இதைக் கண்டுபிடிப்பதும் எளிதல்ல. நெஞ்சுவலி என்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மாரடைப்பு. அதுவே நூறு மடங்கு அதிகம் வருவது. ஆனால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை உரிந்த பெருந்தமனிக்குப் போட்டால் கிழிந்த இடம் அடையவே அடையாது. ஆகவே ஊசிக்கு முன் கேட்க வேண்டியவை உண்டு. வலி நொடியில் உச்சத்துக்குப் போனதா? கிழிப்பதுபோல முதுகுக்குப் போகிறதா? இரண்டு கையிலும் பிபி அளந்தால் 20க்கு மேல் வித்தியாசம் இருக்கிறதா? ஈ.சி.ஜி. ஓரளவு சரியாக இருந்தும் ஆள் துடிக்கிறாரா? சந்தேகம் வந்தால் மருந்து ஏற்றிச் சி.டி. ஸ்கேன் எடுத்துவிட வேண்டியதுதான். பிறகு வலியை அடக்கி, துடிப்பையும் அழுத்தத்தையும் மருந்தால் இறக்கிக்கொண்டே அறுவை அரங்குக்கு. அங்கே உடம்பைக் குளிர்வித்து, இதயத்தை நிறுத்தி, கிழிந்த பகுதியை வெட்டி எடுத்து டேக்ரான் துணிக்குழாயைத் தைக்கிறார்கள். இந்த வகைக் குழாயை முதலில் தைத்தவர் ஹூஸ்டனின் மைக்கேல் டிபேக்கி, வீட்டில் மனைவியின் தையல் மெஷினில். அவருக்கே 2005 கடைசி நாளில், 97 வயதில், பெருந்தமனி உரிந்தது. அவர் வளர்த்த மருத்துவர்கள் அறுவை செய்து காப்பாற்றினார்கள்.

வெடிக்கும் முன் கண்டுபிடித்தால் கதை எப்படி மாறும் என்பதைத் தமிழ்நாடு முழுவதும் ஒருமுறை பார்த்தது. 2024 செப்டம்பர் 30 இரவு ரஜினிகாந்த் சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மறுநாள் வந்த அறிக்கையில், இதயத்திலிருந்து வெளியே வரும் முக்கிய ரத்தக் குழாயில் வீக்கம் இருந்ததாகவும், நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியாகவே ஸ்டென்ட் வைத்து வீக்கத்தை முழுவதுமாக அடைத்துவிட்டதாகவும் சொன்னார்கள். சின்னசேலம் டீக்கடையில் அன்று ஒரே விவாதம்: "ஸ்டென்ட்டுன்னா அடைப்புக்குத்தான வைப்பாங்க, வீக்கத்துக்கு எதுக்கு?" நல்ல கேள்வி. இது துணி போர்த்திய ஸ்டென்ட். தொடை இடுக்கில் உள்ள தமனி வழியாகச் சுருட்டி உள்ளே அனுப்பி, வீங்கிய இடத்தில் விரித்துவிட்டால், ரத்தம் அந்தத் துணிக்குழாய்க்குள்ளேயே போகும். கொப்புளத்தின் சுவரில் அழுத்தம் படாது. கார்கிவ் நகரில் நிக்கோலாய் வொலோடோஸ் 1987இலும், பியூனஸ் அயர்ஸில் யுவான் பரோடி 1990இலும் தொடங்கிவைத்த முறை இது. சில நாளில் ரஜினி வீடு திரும்பினார். 73 வயது.

கிராண்ட் வாலைப் பற்றிப் படித்த பிறகும் எங்கள் தெருவில் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்க எனக்குப் பல மாதம் ஆனது. ஆறிக்கொண்டிருக்கும் புண்ணைக் கீறுவதாகிவிடுமோ என்ற தயக்கம். கடைசியில் தம்பியிடம் மட்டும் பேசினேன். அவரும் அண்ணனைப்போலவே உயரம், அதே மூட்டை வேலை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மற்ற விரல்களால் மூடச் சொன்னேன். கட்டைவிரலின் நகம் முழுவதும் கையின் மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மறு கையின் மணிக்கட்டைச் சுண்டுவிரலாலும் கட்டைவிரலாலும் பற்றச் சொன்னேன். இரண்டு விரலும் ஒன்றின் மீது ஒன்று ஏறின. இந்த இரண்டை மட்டும் வைத்து மர்ஃபான் குறைபாடு என்று சொல்லிவிட முடியாது, பலருக்கும் இருக்கும். "எதுக்குண்ணே இதெல்லாம்?" என்றார். சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அண்ணன் முதுகுன்னுதான் சொன்னாரு, நெஞ்சுன்னு சொல்லவே இல்ல" என்றார்.

சேலத்தில் எக்கோ எடுத்தார்கள். பெருந்தமனியின் அடிப்பகுதி 4.3 சென்டிமீட்டர். அறுவைக்கு இன்னும் தூரம். துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்று தினமும். வருஷத்துக்கு ஒருமுறை எக்கோ. மூட்டை தூக்கக் கூடாது. மண்டியில் பேசி எடைச்சீட்டு எழுதும் வேலைக்கு மாறிக்கொண்டார்; கூலி குறைவுதான். அண்ணனின் மகளுக்கு இப்போது 13 வயது, வகுப்பிலேயே உயரம். பரீட்சை முடிந்ததும் அவளையும் சேலத்துக்குக் கூட்டிப்போகிறார். காலை ரயிலில் போனால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார்.